சத்து மாத்திரை

2024 ஆகஸ்ட் 15, வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, சாத்தூரிலிருந்து இருக்கன்குடி செல்லும் சாலையில், அழகுமீனா என்ற முப்பத்தெட்டு வயதுப் பெண் மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் பதிவு செய்த ரத்த அழுத்தம் எழுபதுக்கு நாற்பது. ரத்தச் சர்க்கரை நாற்பத்து நான்கு.

அவள் மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். வலது மணிக்கட்டில் காப்பு. அன்று விரதத்தின் இருபத்தொன்றாம் நாள். மறுநாள் ஆடிக் கடைசி வெள்ளி; இருக்கன்குடி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக வேண்டுதல். விஸ்வநத்தத்திலிருந்து கூட நடந்து வந்த பெண்கள், அவள் கண் செருகித் தடுமாறியதைப் பார்த்ததும் அருள் வந்துவிட்டதென்றே நினைத்தார்கள். யாரோ ஒருத்தி குடத்து மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். மற்றவர்கள் சுற்றி நின்று குலவையிட்டார்கள். குலவை ஓய்ந்த பிறகும் அவள் எழவில்லை. கூட வேலை பார்க்கும் வள்ளித்தாய்தான் குனிந்து முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் கிடந்த முகம் சில்லென்றிருந்தது. இது அருள் இல்லை என்று அவள் சொன்னதற்குப் பிறகுதான் ஒருத்தி போனை எடுத்தாள்.

அழகுமீனாவுக்கு நினைவு திரும்பியது விருதுநகர் பெரியாஸ்பத்திரியில். இரண்டு கையிலும் ஊசி குத்தியிருந்தார்கள். ஒன்றில் குளுக்கோஸ், ஒன்றில் உப்புத் தண்ணீர். சாயங்காலம் அவளுக்குப் பசித்தது. இரண்டு வாரமாக வாயில் வைத்தால் குமட்டிய சோறு அன்றைக்கு மணந்தது. புருசன் வேலுச்சாமி வாங்கி வந்த இட்லியில் ஐந்தைத் தின்றுவிட்டு, விரதம் முறிந்துபோனது நினைவுக்கு வந்து அழுதாள். வேலுச்சாமி பட்டாசு லாரிகளில் சரக்கு ஏற்றுபவன், பேசத் தெரியாதவன். ஆத்தா அடுத்த வருசம் வாங்கிக்கிடுவா என்று மட்டும் சொன்னான்.

அவளைப் பார்த்துக்கொண்டது டாக்டர் இசைவாணி. மல்லாங்கிணற்றுக்காரர், படிப்பு முடித்து இரண்டு வருசம் ஆகியிருக்கும். மறுநாள் காலை கட்டில் ஓரமாக உட்கார்ந்து, தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள் அழகுமீனா. டாக்டர் அவள் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். பட்டாசுக் கம்பெனியில் சணல் கயிறு உரசிய இடமெல்லாம் கருநீலத் தழும்பாக இருந்தது. தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்திருந்தது. வயிற்றில் செந்நீலக் கோடுகள். முகம் மட்டும் உருண்டையாக, பௌர்ணமி மாதிரி.

"வேற என்னமும்? சத்து மாத்திரை, பொடி, நாட்டு மருந்து?"

"சத்து மாத்திரை ஒண்ணு சாப்பிட்டேன். அதையும் விரதத்துக்காக நிப்பாட்டிட்டேன்."

யார் கொடுத்தது என்ற கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை.

கொடுத்தது வீரலட்சுமி.

இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் பதினோரு வருசம் எதிரெதிரே உட்கார்ந்து சரம் பின்னியவர்கள். சரவெடிக்கு ஒவ்வொரு வெடியாகத் திரியை முறுக்கிக் கோக்கிற வேலை. காலை எட்டு மணிக்குக் குனிந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் நிமிர வேண்டும். பேச்சு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அழகுமீனாவின் மாமியாரைப்போல நடித்துக் காட்டி ஷெட் முழுக்கச் சிரிக்க வைப்பாள் வீரலட்சுமி. போர்மேன் சங்கரலிங்கம் வந்தால் அவரையும் விடமாட்டாள். 2019இல் பக்கத்து ஷெட்டில் வெடிமருந்து பற்றிக்கொண்டபோது கதவோரம் இருந்த வீரலட்சுமிக்கு இடது கையில் இரண்டு விரல் போயிற்று. நாற்பது நாள் அவளுக்குச் சோறு ஊட்டியது அழகுமீனா. வீரலட்சுமியின் பிள்ளைகளுக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அவள்தான். அதை அவள் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை.

விரல் போனபின் சரம் பின்ன முடியாது. ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் மருந்துக்கடை வைத்திருந்த பலவேசம் அவளைக் கடையில் உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். தூசி துடைப்பது, பெட்டி பிரிப்பது, கம்பெனி ஷெட்டுகளில் இருக்கும் பெண்களுக்குத் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் கேட்ட மருந்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது. கடைக்கு வர யாருக்கும் நேரம் இல்லை. ஷெட்டை விட்டு எழுந்தால் அன்றைய சரக்கு குறையும்.

அழகுமீனாவுக்கு அப்போது இளைப்பு ஆரம்பித்திருந்தது. அலுமினியப் பொடியும் கந்தகமும் பறக்கிற இடத்தில் பத்து வருசம் மூச்சு விட்டால் வருவதுதான். படி ஏறினால் நெஞ்சில் விசில் அடிக்கும். விரல் கணுக்கள் வேறு காலையில் மடங்காது. 2022 தீபாவளி சீசன் சமயம். ஒருநாள் வீரலட்சுமி தினசரிக் காலண்டர் தாளில் மடித்த பொட்டலம் ஒன்றை அவள் தூக்குச்சட்டிக்குள் வைத்தாள். சிவகாசி அச்சாபீஸ்களில் வெட்டிப்போட்ட மிச்சத் தாள். அதில் ஏதோ ஒரு வருசத்து ஏகாதசி அச்சாகியிருந்தது. உள்ளே வெள்ளையாக ஒன்று, மஞ்சளாக ஒன்று, ரோஸ் நிறத்தில் ஒன்று. அட்டை இல்லை, பேர் இல்லை. செட் மாத்திரை என்று கேட்டு வாங்கினால் இப்படித்தான் தருவார்கள். யாரும் பேர் கேட்பதில்லை.

"சத்து மாத்திரைக்கா. தெனம் ஒரு செட்டு. மூணே நாள்ல பாரு."

மூன்று நாள்கூட ஆகவில்லை. இரண்டாம் நாள் காலை விரல் மடங்கியது. மூன்றாம் நாள் நெஞ்சு விசில் நின்றது. பசி எடுத்தது. தூக்கம் குறைந்தது, ஆனால் அலுப்பு இல்லை. அந்த சீசனில் அவள் பின்னிய அளவுக்கு ஷெட்டில் யாரும் பின்னவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மற்ற பெண்களும் கேட்டார்கள். அடுத்த வருசத்துக்குள் அந்த வரிசை ஷெட்டுகளில் பதினோரு பேருக்கு வீரலட்சுமி பொட்டலம் கொண்டுவந்தாள். எல்லோருக்கும் முகம் உருண்டது. கல்யாண வீட்டில் பார்த்தவர்கள், உடம்பு தேறிட்டியே என்றார்கள். அழகுமீனா ரவிக்கையைப் பிரித்துத் தைத்துக்கொண்டாள். வேலுச்சாமிக்குப் பெருமைதான், நம்ம வீட்டுச் சோறு ஒட்டுது என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லியிருக்கிறான்.

நோய் போனதற்கு ஆத்தாளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது இந்த வருசம் ஆனியில். அக்கினிச்சட்டி வேண்டிக்கொண்டாள். காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் வீரலட்சுமியிடம் அதைச் சொன்னாள். மாத்திரை அப்போது அவள் மனசிலேயே இல்லை. வீரலட்சுமிதான் பேச்சை எடுத்தாள்.

"காப்புக் கட்டிட்டு மாத்திரை திங்கப்போறியாக்கா? ஆத்தா காரியம். அவ குடுத்த ஒடம்ப அவ பாத்துக்கிட மாட்டாளா?"

அந்தப் பக்கத்தில் விரதக்காரர்கள் ஊசியோ மருந்தோ தொடுவதில்லை. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலையும் இளநீரும் தவிர வேறு மருந்து கொடுக்காத பழக்கம் விரதத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு நடந்தவர்கள்கூட உண்டு. ஆகவே அழகுமீனாவுக்கு அது புதிதாகப் படவில்லை. தனக்கே தோன்றாமல் போனதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டாள்: இருபத்தொரு நாள் சாப்பிடாவிட்டால் ஒன்றும் செய்யாதே என்று. சத்து மாத்திரைதானே, விட்ட இடத்தில் தொட்டுக்கொள்ளலாம் என்றாள் வீரலட்சுமி.

நான்காம் நாள் கால் கழன்றுவிட்டதுபோல் இருந்தது. ஆறாம் நாள் கணுக்கணுவாக வலித்தது. அப்புறம் குமட்டல். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். ஒருபொழுதுச் சோறும் இறங்கவில்லை. ஆத்தா சோதிக்கிறாள் என்று தெருவில் சொன்னார்கள். அவளும் அப்படியே நம்பினாள். சோதனை கடுமையாக இருக்க இருக்க, வேண்டுதல் பலிக்கப்போகிறது என்று நினைத்தாள். விடியும் முன்னே கிளம்பி இருபது கிலோமீட்டருக்கு மேல் நடந்ததும் அந்த நம்பிக்கையில்தான்.

இதில் பாதியைத்தான் அவள் டாக்டரிடம் சொன்னாள். ஆளின் பேரை விட்டுவிட்டாள். இசைவாணி வற்புறுத்தவில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த சார்ட்டைத் திருப்பி, அதன் பின்பக்கம் இரண்டு அவரைக்கொட்டை வரைந்தார். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னத் தொப்பி.

"இது கிட்னி. மேல இருக்கு பாருங்க, இத்தனூண்டு சுரப்பி. பட்டினி கெடந்தாச் சர்க்கரை எறங்காம பாத்துக்கிடுறதும், காய்ச்சல் வந்தா, அடிபட்டா ஒடம்பத் தாங்கிப் பிடிக்கிறதும், பிரஷர் விழாம நிப்பாட்டுறதும் இது செய்யிற சரக்குதான். கார்டிசால்னு பேரு. எம்புட்டு வேணும்னு மூளை ஆர்டர் போடும், இது செஞ்சு அனுப்பும். நீங்க சாப்பிட்டது அதே மாதிரிச் சரக்கு, வெளியில செஞ்சது. ஸ்டீராய்டும்பாக. தெனமும் அது லோடு லோடா வந்து எறங்குனா மூளை என்ன செய்யும்?"

"ஆர்டரை நிப்பாட்டிரும்" என்றாள் அழகுமீனா.

"ஆர்டர் இல்லன்னா?"

"கம்பெனியப் பூட்டிருவாக."

"ரெண்டு வருசம் பூட்டிக் கெடந்துச்சு ஒங்க கம்பெனி. காப்புக் கட்டுன அன்னைக்கு வெளி லோடும் நின்னுபோச்சு. தொறந்த அன்னைக்கே சரக்கு வருமா?"

அவளுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. லைசென்ஸ் பிரச்சினையில் எட்டு மாதம் மூடிக்கிடந்த கம்பெனியைத் திறந்தபோது அவள் போயிருக்கிறாள். பாதி ஆட்கள் வேறு இடம் போய்விட்டார்கள். வெடிமருந்துச் சாந்து அரைக்கிற தொட்டியில் ஓணான் குடியிருந்தது. பழைய அளவுக்குச் சரக்கு வெளியே போக அடுத்த சீசன் ஆயிற்று.

அந்த மருந்தில் குற்றமில்லை என்றும் டாக்டர் சொன்னார். தூசியைக் கண்டு நெஞ்சுக்குள் உடம்பு போடுகிற சண்டையை அது அமர்த்தும். வீக்கத்தை வற்ற வைக்கும். அதனால்தான் விசில் நின்றது. நேற்று வந்தவுடன் நரம்பில் ஏற்றி அவளைப் பிழைக்க வைத்ததும் அதே இனம்தான். அளவும் நாளும் தெரிந்து கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, உள்ளே இருக்கிற கம்பெனிக்கு விழித்துக்கொள்ள நேரம் தர வேண்டும்.

பிறகு ஒன்று கேட்டார். இதே பொட்டலத்தை வேறு யாரெல்லாம் சாப்பிடுகிறார்கள்? அவர்களும் நிறுத்தியிருந்தால் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் போதும், விழுந்துவிடுவார்கள். ரோட்டில் விழுந்தால் யாராவது பார்ப்பார்கள், வீட்டுக்குள் விழுந்தால் பார்க்க ஆளில்லை. பேர்கள் வேண்டும்.

அழகுமீனா யோசித்துச் சொல்கிறேன் என்றாள். பேரைச் சொன்னால் கொண்டுவந்தவள் பேரும் வரும். வீரலட்சுமிக்கு என்ன தெரியும்? பலவேசம் கொடுத்ததைக் கொண்டுவந்தாள். எட்டாவது படித்தவள். அவளும் அதே பொட்டலத்தைத்தான் கை வலிக்குச் சாப்பிடுகிறாள். அவள் முகமும்தான் உருண்டிருக்கிறது. தெரிந்திருந்தால் தன் வாயில் போட்டுக்கொள்வாளா? அன்று முழுக்க அழகுமீனா அவளுக்காகத் தன்னோடு வாதாடிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் வள்ளித்தாய் வந்தாள். இருக்கன்குடி விபூதியை நெற்றியில் பூசிவிட்டு, கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது. என்னவென்று கேட்டதற்கு, மூன்று வாரமாகவே உடம்பு ஒரு நிலையில் இல்லை என்றாள். வேலை அலுப்பு என்று நினைத்தாளாம். அவள் விரதம் இல்லை. வேண்டுதல் இல்லாமல் சும்மா துணைக்கு வந்தவள்.

"நீ மாத்திரை சாப்பிடுதேல்ல?"

"எங்க. ஆடி பொறந்து பத்து நாள்லயே வீரலட்சுமி நிப்பாட்டிட்டாளே. ரத்தம் சுத்தமாகணுமாம், ஒரு மாசம் விடணும்னா. அடுத்த ஷெட்டு பத்திரகாளிகிட்ட ஸ்டாக் இல்லன்னுருக்கா. ஒருத்திக்கு ஒரு கதை."

ஆடி பத்து என்றால் காப்புக் கட்டிய நாள். அழகுமீனா அதை விரலில் எண்ணிப் பார்த்துக்கொண்டாள். வள்ளித்தாயை அப்படியே டாக்டரிடம் காட்டிவிட்டுப் போகச் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று அவள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீரலட்சுமி வந்தாள். கையில் ஹார்லிக்ஸ், பன், ஆரஞ்சுப் பழம். வந்ததும் சிரிக்க வைக்கத்தான் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டையைப் போலச் செய்து காட்டினாள். அழகுமீனா சிரித்தாள், பழக்கம். வேலுச்சாமி டீ வாங்கப் போனதும் வீரலட்சுமி குரலைத் தாழ்த்தி, டாக்டரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டாள். யார் கேட்டாலும் நாட்டு மருந்து என்று சொல்லிவிடச் சொன்னாள். மருந்துக்கடைக்கு ஆய்வுக்கு ஆள் வருகிறதாகத் தகவல், ஒரு மாதம் வெளியே எதுவும் போகக் கூடாது என்று மொதலாளி பலவேசம் சொல்லியிருக்கிறார், இந்த நேரம் பார்த்து இப்படி ஆகிவிட்டது என்றாள். பேசிக்கொண்டே ஆரஞ்சை உரித்தாள். மூன்று விரலாலும் சுத்தமாக உரிப்பாள்.

அழகுமீனா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் உருண்டையாகத்தான் இருந்தது. கண்ணில் அலுப்பு இல்லை.

"ஒனக்கும் நிப்பாட்டிட்டாரா வீரு?"

"நிப்பாட்டாம? கடைக்குள்ளயே ஒண்ணும் வைக்கலியே."

"எப்ப நிப்பாட்டுன?"

வீரலட்சுமி சுளையை நீட்டினாள். அழகுமீனா வாங்கவில்லை.

"ஒரேடியா நிப்பாட்டுனியா?"

அந்தக் கேள்விக்கு வீரலட்சுமி தயாராக வந்திருக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை அவள். ஆனால் பதினோரு வருசம் எதிரே உட்கார்ந்தவளிடம் அவளுக்கு அது சட்டென்று வரவில்லை.

"மொதலாளி சொன்னாருக்கா. நீ சட்டுனு விட்றாத, மயக்கம் வரும், பாதி பாதியாக் கொறைன்னு. கொஞ்சம் எடுத்து வச்சிருந்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்பிடிக்கா சொல்ல? பாதி பாதியாக் கொறைங்கன்னு சொன்னா, இது என்ன மாத்திரைன்னு கேப்பீக. சத்து மாத்திரைய எவ பாதியாக் கொறைப்பா?"

வார்டில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். அழகுமீனா காப்பு இருந்த கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு மாத்திரை பெரிதாகத் தெரியவில்லை. பலவேசம் மேல்கூடக் கோபம் வரவில்லை; அவர் யாரோ. பதினோரு பேருக்கும் ஆளுக்கொரு கதை தேடியவள், தன்னிடம் வரும்போது எதைச் சொன்னால் மறுபேச்சு இருக்காது என்று தெரிந்து அதைக் கையில் எடுத்திருக்கிறாள். நோய் தீர்ந்த நன்றியையும், ஆத்தாளையும். அதுவும் காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள், முற்றத்தில் உட்கார்ந்து, மஞ்சள் அரைத்துக் கொடுத்துக்கொண்டே.

"நான் செத்திருப்பேன் வீரு."

"இப்பிடி ஆகும்னு நெனைக்கல. சாமி சத்தியமா. நாலு நாள் அலுப்பா இருக்கும், அப்பறம் சரியாயிரும்னுதான்…" அவள் சொல்லி முடிக்கவில்லை. "இந்தக் கையை வச்சுக்கிட்டு எனக்கு வேற எங்கக்கா வேலை தருவாக? ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்தக் கைக்குச் சோறு ஊட்டியவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு நிமிடம் அழகுமீனா ஒன்றும் பேசவில்லை. வீரலட்சுமி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். பழத்தைப் பையில் வைத்து, ஹார்லிக்ஸை அலமாரியில் அடுக்கி, போய்வருகிறேன் என்று அவள் தோளைத் தொட்டாள். அழகுமீனா தோளை விலக்கவில்லை. "அந்த மீதியில இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். நாலைந்து இருக்கும், வேண்டுமா என்றாள் வீரலட்சுமி. வேண்டாம் என்றாள்.

வேலுச்சாமி டீயோடு வந்தபோது அவள் கட்டிலில் இல்லை. உப்புத்தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, சுவரைப் பிடித்து நடந்து, டாக்டர்கள் உட்காருகிற அறை வாசலில் நின்றாள். இசைவாணி இல்லை; ரவுண்ட்ஸ் போயிருந்தார். முக்கால் மணி நேரம் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தேடி வந்த வேலுச்சாமி விஷயத்தைக் கேட்டுவிட்டு, பேரைச் சொன்னால் தெருவில் எப்படி முகத்தில் முழிப்பது, கம்பெனியிலும் வேலை போகும் என்றான். நம் ஒருத்தியோடு போகட்டும் என்றான். வள்ளித்தாய் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை அவள் அவனுக்குச் சொன்னாள். அவன் பாட்டிலை வாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் வந்ததும், எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். முதலில் வள்ளித்தாய். பிறகு ஷெட் வரிசைப்படி ஒவ்வொரு பேராக, புருசன் பேர், தெரு, தெரிந்த போன் நம்பர். எல்லாம் தன்னையும் சேர்த்துப் பதினோரு பேர். டாக்டர் பேனாவை மூடப் போனார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. வீரலட்சுமி. அவளும் சாப்பிடுதா. அவதான் கொண்டாந்து குடுத்தா."

அன்று சாயங்காலமே கிராமச் செவிலியர் விஸ்வநத்தம் போனார். வள்ளித்தாய் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தாள். அன்றைக்கே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அந்த வாரத்துக்குள் இன்னும் எட்டுப் பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். வள்ளித்தாயையும் சேர்த்து ஐந்து பேருக்குக் காலை நேரக் கார்டிசால் மிகக் குறைவாக இருந்ததால் முறைப்படி மாத்திரை ஆரம்பித்து, மாதாமாதம் குறைத்தார்கள். பத்திரகாளி தான் எந்த மாத்திரையும் சாப்பிட்டதில்லை என்று சொல்லி வர மறுத்துவிட்டாள். மருந்துக்கடையில் நடந்த சோதனையில் அட்டையில்லாத மாத்திரை எதுவும் கிடைக்கவில்லை; பில் இல்லாமல் விற்றதற்காகப் பதினைந்து நாள் கடையை மூடச் சொன்னார்கள். சங்கரலிங்கம் அந்த சீசனுக்கு அழகுமீனாவை வேலைக்குக் கூப்பிடவில்லை. 2025 பிப்ரவரி 11 அன்று காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில் அழகுமீனாவின் கார்டிசால் பதினான்கு இருந்தது, போதுமான அளவு. மாத்திரையை அன்றோடு நிறுத்தினார்கள். பட்டியலில் பன்னிரண்டாவதாக இருந்த வீரலட்சுமி பரிசோதனைக்கு வரவில்லை.